அண்ணன் வண்டிக்கு வேறு இஞ்சின்

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பவன் என்று வீட்டில் என்னைச் சொல்லாத ஆள் கிடையாது. உண்மைதான். இந்த வயதிலும் பஸ் நிற்பதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அண்ணனிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. போடியிலிருந்து ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை விடியக்காலையில் ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மலையேறும். பொழுது சாய இறக்கிக் கொண்டுவரும். ஸ்டியரிங் அண்ணன் கையில். சக்கரத்துக்குக் கல் வைப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, பின்கதவைச் சாத்துவது என் வேலை. லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷமாகியும் மலையில் எனக்கு வண்டியைத் தரமாட்டார். "ஒன் அவசரத்துக்கு மல தாங்காதுடா" என்பார். எனக்கு வயிறு எரியும். அந்தச் சீட்டு எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

பாதி மலையில் இஞ்சின் கொதிக்கும். அதற்கு எங்கள் பக்கத்து டிரைவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, நிதானமாக ரெண்டு பீடி குடித்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் தொடலாம். பீடிப் பழக்கம் இல்லாதவன்கூட அடுத்தவன் பீடியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அன்றைக்கு வண்டியை நிறுத்தியதும், வளைவில் இருந்த கருப்பசாமிக்குச் சூடம் கொளுத்தப் பெண்களோடு அண்ணனும் போனார். "ரெண்டு பீடி முடிச்சிட்டு ஊத்து, கேட்டியா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கீழேயே ஆறவைத்துவிட்டு வந்த ஜீப்புகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டின. அதில் ஒருத்தன், "என்ன மாப்ளே, மாமியா வீட்டு விருந்துக்கு வந்த மாதிரி ஒக்காந்துட்ட!" என்று கத்திக்கொண்டே போனான். எனக்குப் பொறுக்கவில்லை. முதல் பீடியே பாதிதான் முடிந்திருந்தது. சாக்கைப் போட்டு மூடியைத் திருகினேன். ஆவி சீறி அடங்கியதும், ஓடையில் பிடித்து வைத்திருந்த சில்லென்ற தண்ணீரை மடமடவென்று ஊற்றினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். நன்றாகவே கேட்டது. ஒன்றும் கேட்காதவன் போல மூடியைப் போட்டேன்.

இன்னும் ரெண்டு வளைவுதான் ஏறினோம். வெள்ளைப் புகையைக் கக்கி, இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பெண்கள் தூக்குவாளிகளோடு இறங்கி நடந்தார்கள்.

வண்டியை லாரியில் கட்டிப் போடிக்கு இறக்கினோம். அங்கே மெக்கானிக், புளியமரக் கிளையில் சங்கிலியும் கப்பியும் மாட்டி இஞ்சினைத் தூக்கி இறக்கினார். தண்ணீர் கலந்து ஆயில் மோராகத் திரிந்திருந்தது. பிளாக்கில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு.

"கொதிக்கையில பச்சத் தண்ணி ஊத்துனீகளா?" என்று கேட்டார்.

"அந்தச் சோலியே நம்மகிட்டக் கெடையாதுண்ணே. ரெண்டு பீடிக்கு முந்தித் தம்பி மூடியத் தொடமாட்டான்" என்ற அண்ணன் என் பக்கம் திரும்பினார். "என்னடா?"

நான் தலையாட்டினேன்.

"அப்பன்னா ஓட்டுன கைதேன். கியர மாத்தாம வதைச்சு இழுத்திருக்கீக" என்றார் மெக்கானிக். அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுரையில் ஒரு வேனிலிருந்து கழற்றிய டீசல் இஞ்சின் லாரியில் வந்து இறங்கியது. இஞ்சினைத் தாங்கும் பழைய பிடிகளில் அது உட்காரவில்லை. அறுத்தெடுத்துவிட்டு வேறு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்தார்கள். கியர்பாக்ஸோடு சேர்த்துப் பூட்டினால் ஃபேன் ரேடியேட்டரில் இடித்தது. ரேடியேட்டரை நாலு விரல்கடை முன்னால் தள்ளினார்கள். என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. டீக்கடைக்குப் போவேன், குடிக்காமலே திரும்புவேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன், கேட்டது வேறு ஸ்பேனராக இருக்கும். வேலை தடைபடும்போதெல்லாம் எனக்கு உள்ளூர நிம்மதி. வண்டி கிளம்புவதற்குள் சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. காலையில், சாயங்காலம் சொல்வோம் என்று நினைப்பேன். சாயங்காலம் வந்தால், விடியட்டும் என்பேன். எல்லாவற்றுக்கும் பறக்கிறவனுக்கு இதில் மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொறுமை. சீ!

ஐந்தாம் நாள் காலையில் இஞ்சின் பிடித்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டி முன்னால் நகர்ந்ததும், அண்ணன் இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே நீ ஓட்டு."

"ஏண்ணே?"

"எங் கையி ஒரு இஞ்சினக் கொன்னுருச்சுடா. பின்னாடி இருபது பொம்பளைக புள்ளகுட்டிய விட்டுட்டு வந்து ஒக்காருறாக. அவுகளையும் எங்கிட்டாவது உருட்டிவிட்டுட்டா?"

சொல்லு, சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயையும் திறந்தேன். "வெரசா ஏறுடா, ஆளுக காத்துக் கெடக்காக" என்றார். ஏறிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அண்ணன் சிலமலையில் மதினி வீட்டுக் காட்டு வெள்ளாமையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு டிராக்டரில்கூட அவர் உட்காரவில்லை. நான் அந்த வண்டியை எண்பதுகள் முடியும்வரை ஓட்டினேன். ஊரில் யாராவது "ஏப்பா, வண்டிய ஏன் விட்டுட்ட?" என்று கேட்டால், என்னை வைத்துக்கொண்டே சொல்வார்: "தம்பி கையி நல்ல கையி. நானா இருந்தா இந்த இஞ்சினையும் முடிச்சிருப்பேன்."

சாகும்வரைக்கும் அப்படித்தான் சொன்னார். பெருமையாகச் சொன்னார்.