மில்லில் நடந்த ஊதும் போட்டி

எனக்கு மூச்சிழுப்பு வந்தது முப்பத்தெட்டு வயதில். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு சின்னச் சாமை மில் நடத்துகிறோம். மெஷின் ஓடினால் உமித்தூசு மேலே எழும்பி அப்படியே நிற்கும். அங்கே வேலைக்குப் போன இரண்டாவது வருஷம், சாயங்காலம் வீடு திரும்பும்போது என் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மலைக்குக் கீழே உள்ள டாக்டரம்மா இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். ஒன்றைத் தினமும் இழுக்க வேண்டும். மற்றது மூச்சு முட்டும்போது மட்டும். கூடவே ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் பலமாக ஊதினால் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்த கோட்டில் ஒரு முள் நகரும். "காலைல ஊதிப் பாருங்க. பச்சைல நின்னா வேலைக்குப் போங்க. மஞ்சள்னா மருந்த இழுத்துட்டு தூசுப் பக்கம் போகாதீங்க. சிவப்புன்னா மருந்த இழுத்துட்டு ஒடனே இங்க வந்துடுங்க" என்றார்.

எங்கள் மில் குழுவின் தலைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெஷின் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்கும். நான் இன்ஹேலரை எடுத்தாலே, "பம்புக்காரி காத்தடிக்கிறா பாரு" என்று சிரிப்பார். உமி வரும் குழாயை வெளிப்பக்கம் திருப்பிவிடலாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்தேன். "தூசுல்லாத மில்லு எங்கனா கீதா?" என்று முடித்துவிடுவார்.

ஒருநாள் காலை வீட்டில் ஊத மறந்து, குழாயை மில்லுக்கே எடுத்துப் போனேன். கரண்டு இல்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாக்கா அது? நானும் ஊதிப் பாக்கட்டா?" என்றாள் மூட்டை தூக்குகிறவள்.

வெந்நீர் வைத்து ஒவ்வொருத்தி ஊதிய பிறகும் கழுவினோம். மூட்டை தூக்குகிறவள் ஊதியதும் முள் பச்சையைத் தாண்டி ஓடியது. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒல்லிப் பெண் அவளையே முந்திவிட்டாள். ஒரே கூச்சல். கடைசியில் தலைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, கன்னம் உப்ப ஊதினார்.

முள் என் மஞ்சளைக்கூடத் தொடவில்லை.

"கொழா கெட்டுப்போச்சு" என்று மறுபடி ஊதினார். மூன்றாவது தடவை இருமல் வந்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான மூச்சு.

தண்ணீர் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "யக்கா, ராத்திரில இருமல் வருதா?"

"சளிதாண்டி அது." சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, "மூணு வருசமா கீது" என்றார்.

அடுத்த பஸ்ஸிலேயே ஏறினோம். கொண்டை ஊசி வளைவெல்லாம் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அவருக்கும் ஆஸ்துமாதான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ன எவ்ளோ கிண்டல் பண்ணிட்டேன்!" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான், "வாங்க, டீ குடிக்கலாம்" என்றேன்.

நான் இரண்டு வருஷம் கேட்டது இரண்டே நாளில் நடந்தது. உமிக்குழாய் பின்பக்கக் குழிக்குத் திரும்பியது. தலைவி எல்லோருக்கும் மாஸ்க் வாங்கிப் போட்டு, போடாதவளைத் திட்டவும் செய்தார். சாமை அளக்கிற வேலை எனக்கு வந்தது. அங்கே தூசு குறைவு.

இப்போது மாதாமாதம் இரண்டு பேரும் சேர்ந்தே டாக்டரைப் பார்க்கப் போகிறோம். போன முறை பஸ்ஸில் கண்டக்டர் தன் மனைவிக்கும் வீசிங் இருப்பதாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தலைவி பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்தார்.

"நல்லா குலுக்கணும். மூச்ச முழுசா வெளிய வுடணும். அப்புறம் அழுத்திக்கினே மெதுவா உள்ள இழுக்கணும். இழுத்துட்டு மூச்ச அடக்கிக்கினு பத்து எண்ணு. கடைசில வாய் கொப்புளிக்கணும். எங்க, நீ சொல்லு பாப்போம்!"

கண்டக்டர் ஒப்பித்தார். வாய் கொப்புளிப்பதை விட்டுவிட்டார் என்று முதலிலிருந்து மறுபடி சொல்ல வைத்தார் தலைவி. அதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தோம், இரண்டு பேருக்கும் மூச்சு வாங்காமல்.