மச்சான் பக்கம்

எங்கள் குலசாமி கருப்பர் கோயிலில் இந்த வருஷமும் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன். சாமி கும்பிடும்போது மனசு சாமியிடம் நிற்க வேண்டும். எனக்கோ அங்கே போனாலே பக்கத்துக் கண்மாயும், அதில் மாமா ஊதிய விசிலும்தான் முதலில் நினைப்புக்கு வரும். கருப்பர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த ஆட்டத்தை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மாமா என்றால் ஆத்தாவின் கூடப் பிறந்த அண்ணன். சின்ன வயசிலேயே சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். அத்தை அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு, அங்கே இருப்பதற்குக் குடியுரிமைக் காகிதம் கிடைக்கவில்லை என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். நான் அப்போது மூன்றாவது படித்தேன். அறந்தாங்கியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊர் வரைக்கும் பெட்டியைத் தலையில் வைத்தே நடந்து வந்தாராம்.

அந்தப் பெட்டியில் இரண்டு வேட்டியும் ஒரு விசிலும் இருந்தன. விசில் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆடும் 'ரக்கர்' என்ற ஆட்டத்தைச் சொல்வார். என் பேரன் இப்போது அதை ரக்பி என்கிறான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ஜெயம். கூட்டாளிக்குப் பந்தைப் பின்னால்தான் கொடுக்கலாம், முன்னால் கொடுக்கக்கூடாது. எதிராளி ஓடுகிறவனின் இடுப்பைக் கட்டிச் சாய்ப்பான்.

"அங்க எத்தனை வருசம் ஆடுனீங்க, மச்சான்?" என்று அப்பா கேட்டார்.

"பத்துப் பதினஞ்சு வருசம் அந்தக் கிரவுண்டுலதான் கெடந்தேன், மாப்பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னார். ஊர் மீதியைத் தானே சேர்த்துக்கொண்டது. துரைமார்களைத் தூக்கி எறிந்தவர் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன்.

பந்து வேண்டுமே. கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கும் தோல் சால் தைக்கிறவரிடம் போய், பழைய சால் தோலில் பப்பாளிப்பழம் மாதிரி ஒன்று தைக்கச் சொன்னார் மாமா. தைக்கிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எம்புட்டுத் தண்ணி பிடிக்குங்க?" என்று கேட்டாராம். உள்ளே இலவம்பஞ்சு திணித்தார்கள்.

பங்குனியில் கண்மாய் வற்றிக் கிடந்தது. வேலை முடிந்து வந்த இளவட்டங்கள் சாயங்காலம் அங்கே கூடின. புதுசாக வருகிறவன் யாராக இருந்தாலும் மாமா முதலில் பந்தைக் கையில் கொடுக்க மாட்டார். விழச் சொல்வார்.

"மொதல்ல விழப் பழகு. விழுகப் பயந்தவன் ஓடமாட்டான்" என்பார். "கையை ஊனாதே, தோளைக் குடு." அப்புறம்தான் பந்து. "எல்லாரும் பந்தையே பார்க்காதீங்கப்பா, பக்கத்துல ஓடியாரவனைப் பாருங்க. அவனுக்குத்தான குடுக்கணும்!"

விழுந்து விழுந்து எல்லார் முழங்கையும் தோல் உரிந்து கிடந்தது. ஆனாலும் நாளுக்கு நாள் கூட்டம் சேர்ந்தது.

மாமா செய்த தப்பு, துரைமார் செய்வது போலவே உயரம் பார்த்து ஆட்களைப் பிரித்ததுதான். பெரியப்பா மகன் ஒரு பக்கம், எங்கள் சித்தப்பா மறுபக்கம் என்று போய்விட்டார்கள். பங்காளியைப் பங்காளி கட்டிச் சாய்த்தான். சித்தப்பா தோள் பட்டுப் பெரியப்பா மகனுக்கு உதடு கிழிந்தது. அது ஆட்டத்தில் பட்ட அடி என்று யார் கேட்டார்கள்? வரப்புத் தகராறு, கிணற்றுத் தண்ணீர் முறை என்று பழசெல்லாம் கிளம்பிவிட்டது. பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "சிலோன்லேருந்து ஆளைக் கூட்டியாந்து எங்க பிள்ளைக வாயை உடைக்கிறீகளோ?" என்று சத்தம் போட்டார்.

அப்பா அன்று மாமாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆத்தாவிடம்தான் சொன்னார்.

"திருவிழா வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள இன்னொரு வம்பு வந்துச்சுன்னா, ஒங்கண்ணன் ரைஸ்மில்லுல போய்த் தங்கிக்கிறட்டும். சொல்லி வச்சிருக்கேன். பங்காளிக மூஞ்சில நான் முழிக்க வேண்டாமா?"

மாமாவுக்குப் போக வேறு வீடு கிடையாது. மில்லில் மூட்டை அடுக்குகிற இடத்தில்தான் படுக்க வேண்டும். ஆத்தா அடுப்பை ஊதிக்கொண்டே யோசித்தார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உசரத்தையா பார்த்துப் பிரிப்பாக? மாமன் மச்சானாப் பிரிச்சுவிடு. திருவிழா மஞ்சத்தண்ணி அன்னைக்கு மச்சான் தலையில குடத்தோட ஊத்துறாங்க, சாணியைக் கரைச்சுக்கூட ஊத்துறாங்க. எவனுக்காச்சும் கோவம் வருதா?"

மாமா தலையில் தட்டிக்கொண்டார். "துரைக்குக்கூட இது தோணலையே, தங்கச்சி" என்றார்.

"துரைக்கு ஏது மச்சான்?"

சிரித்தார்கள். அப்புறம் மாமா குரலைத் தணித்துக்கொண்டார். நான் அரிசி புடைத்த குருணையைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"தங்கச்சி, நான் ஆடுனதில்லை. கிரவுண்டுல உருளை இழுத்தேன், கோடு போட்டேன். பந்து தேயிலைக்குள்ள போனா எடுத்துக் குடுப்பேன். கோட்டைத் தாண்டி ஒரு நாளும் உள்ள கால் வச்சதில்லை. தோளோட தோள் கோத்து அவுக தள்ளுறதைப் பார்த்துக்கிட்டே நிப்பேன். நம்ம ஆளுக இப்படி நின்னா எப்படியிருக்கும்னு பார்க்கணும்போல ஒரு ஆசை. அவ்வளவுதான்."

"அவரு கேட்டப்பயே சொல்லியிருக்கலாம்ல, அண்ணே?"

"சொன்னா எவன் வருவான் எங்கிட்டப் பழக?"

மஞ்சள் தண்ணீர் அன்று கருப்பருக்குக் கிடாய் வெட்டி முடிந்ததும் ஊரே கண்மாயில் இறங்கியது. ஒரு பக்கம் எங்கள் பங்காளிகள், எதிரே மச்சான்கள். அப்பாவும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். விழுந்தவன்மேல் எல்லாம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கண்மாய் சேறாகிப்போனது. மச்சான் மச்சானை உருட்டினான், உருட்டியவனே எழுப்பிவிட்டான். "பொண்ணு தர்றேன்னு சொல்லிட்டு ஏமாத்துனீல, இந்தா வாங்கிக்க!" என்று ஒருவர் பாய, "பொண்ணு தப்பிச்சுச்சு!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. ஒரு வம்பும் இல்லை. மாமா விசிலோடு குறுக்கும் மறுக்கும் ஓடினார்.

பாதியில் மச்சான் பக்கத்தில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது. ஆள் குறைந்தது. வேறு ஆள் தேடினால், இருந்தவர்கள் எல்லாம் சாமிக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள், ஆட்டத்தில் இறங்கக்கூடாது. பெரியப்பா மாமாவின் கையைப் பிடித்தார்.

"நீங்க வாங்க."

"நான் நடுவுல நிக்கிறவன், மச்சான். பொதுவான ஆளு."

"பொதுவான ஆளா? எங்க தம்பிக்குப் பொண்ணு குடுத்த வீட்டு ஆளு நீங்க. இந்த ஊருல ஒண்ணு பங்காளி, இல்லேன்னா மச்சான். நடுவுல கருப்பர் மட்டும்தான். அங்கிட்டுப் போய் நில்லுங்க."

ஆத்தா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

மாமா விசிலை வாயில் வைத்தபடியே போய் நின்றார். யாரோ பந்தைக் கொடுத்தார்கள். வாங்கி நெஞ்சோடு அணைத்தார். அணைத்தபடி நின்றுவிட்டார். ஓடவில்லை. "ஓடுங்க, மாமா!" "குடுங்க, மாமா!" என்று நாலாபக்கமும் கத்துகிறார்கள். அவர் குனிந்து பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்பா ஓடிவந்து இடுப்பைக் கட்டினார். மாமா கையை ஊன்றிக்கொண்டு சொத்தென்று விழுந்தார்.

கூட்டம் சிரித்தது. ஒரு இளவட்டம், "என்னங்க மாமா, சிலோன்ல இப்படித்தான் ஆடுனீங்களா?" என்று கேட்டான்.

மாமா சேற்றில் உட்கார்ந்தபடியே விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"நான் அங்க ஆடலைப்பா. பந்து பொறுக்கிப் போட்டேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

குடத்தோடு நின்ற பெண்கள்கூட ஊற்றவில்லை. எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"நாங்க மட்டும் என்ன ஆடியிருக்கோமாக்கும்? எந்திரிங்க மச்சான், பொழுது போகுது."

மாமா எழுந்தார். பிறகு ஓடவும் செய்தார், விழவும் செய்தார். விசிலைத் தானே ஊதிக்கொண்டு தானே ஆடினார். மச்சான் பக்கம்தான் தோற்றது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா, தன் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னார். அதுவரை மாமா எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில்தான் சாப்பிடுவார். "வாங்க மச்சான், உக்காருங்க" என்றார் அப்பா. மாமா உட்கார்ந்தார். ஆத்தா கறிச்சட்டியோடு வந்தபோது, "ஈரலை மச்சானுக்கு வையி" என்றார். ஆத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வைத்தார். அடுப்புப் புகை என்று நான் நினைத்தேன். கிடாய் ஈரல் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு உள்ளது. துரைமாரைத் தூக்கி எறியாதவருக்கு, அன்றைக்கு ஆட்டத்திலும் தோற்றவருக்கு, என் ஈரலை எதற்காகத் தூக்கி வைக்கிறார்கள் என்று எனக்கு அழுகையாக வந்தது. சோற்றைத் தொடாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.