புள்ளி ஆறு முதல் கர்ச்சீப் வரை

ஒரு வீடியோ கேமுக்கு நூற்றுக்கு எழுபத்து மூன்று புள்ளி ஆறு என்று மார்க் போட்டுச் சுவரில் ஒட்டியவன் நான். அந்தப் புள்ளி ஆறு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த மாதிரி தெரியும், அவ்வளவுதான் காரணம். இப்போது செல்போனில் ஐந்து நட்சத்திரத்தை விரலால் தட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தத் தொழிலின் பாடு கொஞ்சம் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

1. மார்க் ஷீட்

என் அக்கா வீட்டுக்காரர் பீட்டர் மாமா சிதம்பரத்தில், ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில், ஒரு கேம் சென்டர் வைத்திருந்தார். எட்டு கம்ப்யூட்டர்கள். காலேஜ் பிள்ளைகள்தான் கஸ்டமர்கள். நான் கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். என் பதவி சிஸ்டம் அட்மின். கேம் இன்ஸ்டால் செய்வது, கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி மிக்சர் தூளைக் கொட்டுவது இரண்டும் அந்தப் பதவிக்குள் வரும்.

2008-ல் ஒரு நாள் மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மச்சான், பக்கத்து ஜெராக்ஸ் கடைல வரிசைல நிக்கிறானுங்க. நம்ம கடைல சேரு காலியா கெடக்குது. இந்த செமஸ்டர் முடியற வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறம் கேமெல்லாம் தூக்கிட்டு நானும் ஜெராக்ஸ் மிஷின் போட்டுடுவேன்."

"அப்ப நானு, மாமா?"

"உனக்கு ஜெராக்ஸ் எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் இன்னா கேள்வி?"

என் வேலைக்கு ஒரு செமஸ்டர் ஆயுள் என்று தெரிந்தபிறகு நான் யோசிக்க ஆரம்பித்தேன். சேர் ஏன் காலி? கேம்கள் நிறைய இருந்தன. வருகிறவனுக்கு எதை ஆடுவது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதிலேயே பாதி நேரம் போய், எரிச்சலில் எழுந்து போய்விடுகிறான். ஆகவே எது நல்ல கேம் என்று நாம் சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு மதிப்பீட்டு முறை வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே மதிப்பீட்டு முறை பள்ளிக்கூடத்து மார்க் ஷீட். கிராபிக்ஸ், சவுண்டு, கதை, கன்ட்ரோல், புதுமை என்று ஐந்து பாடம். ஒவ்வொன்றுக்கும் இருபது மார்க். பாஸ் மார்க் முப்பத்தைந்து. எனக்குக் கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்ட எவ்வளவு கஷ்டம் இருந்ததோ, அதே கஷ்டம் கேம்களுக்கும் இருக்கட்டும் என்று கண்டிப்பாகத் திருத்தினேன்.

பனிமலையில் காணாமல்போன அண்ணனைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை ஒரு கேம். அதற்குத் தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு. வகுப்பில் முதல் மாணவி. கிரிக்கெட் கேம் ஒன்றில் பதினொரு ஆட்டக்காரர்களுக்கும் ஒரே முகம். வர்ணனையாளர் சிக்ஸருக்கும் அவுட்டுக்கும் ஒரே குரலில் சந்தோஷப்பட்டார். அதற்கு முப்பத்தொன்று புள்ளி எட்டு. ஃபெயில்.

பட்டியலைச் சுவரில் ஒட்டிய வாரம் முதல் மாணவியைத் தொட்டவன் நான் ஒருவன்தான். ஆள் இருந்த சேர்களில் எல்லாம் கிரிக்கெட் ஓடியது. மாமா பட்டியலையும் சேர்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஃபெயிலானவனத்தான் எல்லாரும் தேடினு வரானுங்க, மச்சான்."

2. மக்கள் தீர்ப்பு

சரி, நான் திருத்தினால்தானே தப்பு, ஆடுகிறவர்களே மார்க் போடட்டும் என்று முறையை மாற்றினேன். எழுந்து போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் மார்க் எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

ஜெயித்தவன் நூறு போட்டான். தோற்றவன் பூஜ்யம் போட்டான். அதே ஆள் மறுநாள் ஜெயித்தால் அதே கேமுக்கு நூறு போட்டான். ஒரு சீட்டில் கேம் பெயரே இல்லை. ‘ஃபேன் சுத்தல, 2 மார்க்’ என்று இருந்தது.

செல்வி என்று ஒரு விவசாயப் படிப்பு மாணவி வருவாள். ஊர் அண்ணாகிராமம் பக்கம், வீட்டில் முந்திரித் தோப்பு. ஈமெயில் பார்ப்பதாக ஹாஸ்டலில் சொல்லிவிட்டு வந்து கார் ரேஸ் ஓட்டுவாள். நான் சீட்டுகளைக் கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, நாப்பத்தேழு புள்ளி மூணு?"

"கார் ரேஸோட சராசரி."

"எங்க வீட்ல முந்திரிய முழுசு, ஒடைசல்னு பிரிச்சிப் போட்டுட்டு வேலையப் பாப்பாங்க. உங்ககிட்ட குடுத்தா ஒவ்வொரு பருப்புக்கும் புள்ளி வச்சிட்டு ஒக்காந்திருப்பீங்க."

சிரித்துவிட்டு நான் கூட்டலைத் தொடர்ந்தேன். செமஸ்டரில் பாதி போய்விட்டிருந்தது.

3. கரண்டு போனது

அந்த வருஷம் மின்வெட்டு ஆரம்பித்திருந்தது. கரண்டு போனால் யூ.பி.எஸ். சில நிமிஷம் தாங்கும். அதற்குள் ஆட்டத்தை சேவ் செய்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். மிச்ச நேரத்தை அப்புறம் வந்து ஆடிக்கொள்ளலாம் என்பது கடை விதி.

இதில் ஒரு சிக்கல். சேவ் செய்த ஆட்டம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கும். வேறொருவன் வந்து அந்த சேரில் உட்கார்ந்தால் ஆட்டம் போச்சு. ஆகவே பஸ்ஸில் இடம் போடுவதைப் போலவே செய்தார்கள். சேரில் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு வெளியே டீக்கடை நிழலில் கடையைப் பார்த்தபடி நின்றார்கள். செல்வி குடையை வைப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் கரண்டு போனதும் நானும் எழுந்துபோய் டீ குடித்தேன். திரும்பி வந்து இருட்டில் சேர்களைப் பார்த்தேன். கிரிக்கெட் சேர்கள் எல்லாவற்றிலும் கர்ச்சீப். கார் ரேஸ் சேரில் குடை. மாயாஜாலச் சண்டை ஆடிய இரண்டு பேர் மிச்ச நேரத்தை மறந்து பஸ் ஏறிவிட்டார்கள். என் சேரில் எதுவும் இல்லை. நான் ஆடிக்கொண்டிருந்தது தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு. சேவ் செய்யக்கூட மறந்திருந்தேன்.

அன்றே மார்க் பட்டியலையும் சீட்டுகளையும் கிழித்தேன். புதிய முறையில் மூன்றே தரம். கரண்டு போனால் கர்ச்சீப் போட்டுவிட்டு வாசலில் காத்திருக்கவைக்கும் கேம் ‘கர்ச்சீப்’. டீ குடித்துவிட்டு மெதுவாகத் திரும்பிவரவைப்பது ‘டீ’. ஊருக்கே அனுப்பிவிடுவது ‘பஸ்’. ஒவ்வொரு மின்வெட்டிலும் சேர்களைப் பார்த்துத் தரத்தை எழுதினேன். நானே மறந்துபோன முதல் மாணவிக்கு என் கையாலேயே ‘பஸ்’ என்று எழுத வேண்டியிருந்தது.

புதிதாக வந்தவர்கள் உள்ளே நுழையும்போதே, "கர்ச்சீப்பு கேம் எதுண்ணா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தேடுகிற நேரம் மிச்சமானது. போனவர்கள் ஆள் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

4. மாமா பார்த்தது

செமஸ்டர் கடைசியில் மாமா ஜெராக்ஸ் மிஷின் விலைப் பட்டியலோடு வந்தார். வந்த கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். மாமா கதவை அகலத் திறந்து வெளிச்சம் விட்டு, ஒவ்வொரு சேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஏழு சேரில் கர்ச்சீப், குடை, ஒரு ஹெல்மெட். எட்டாவது சேரிலும் நீலக் கட்டம் போட்ட ஒரு கர்ச்சீப்.

மாமா அதன் முன்னால் நின்றார். முகத்தைத் துடைக்கப் பாக்கெட்டிலிருந்து தன் கர்ச்சீப்பை எடுத்தார். அதுவும் அதே நீலக் கட்டம். எங்கள் இரண்டு பேருக்கும் அக்கா ஒரே பெட்டியிலிருந்து பிரித்துக் கொடுத்தது.

"இது யாரு எடம்?"

"பொதுவா போட்டு வச்சேன், மாமா."

மாமா அதை எடுத்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். எட்டாவது சேர் காலியானது. விலைப் பட்டியலை விசிறியாக்கி வீசிக்கொண்டு வாசலைப் பார்த்தார். டீக்கடை நிழலில் ஏழு பேரும் வேறெங்கும் போகாமல் எங்கள் பக்கமே பார்த்து நின்றிருந்தார்கள்.

இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். ஒரு கேம் எப்படி என்று ஆடுகிறவனிடம் கேட்கக் கூடாது. அவன் எழுந்து போகிறபோது எதை விட்டுவிட்டுப் போகிறான் என்று பார்க்க வேண்டும். இவ்வளவு தெளிவாகக் கற்றும் அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, நம்ம கர்ச்சீப்பு சிஸ்டத்துக்கு நூத்துக்கு எத்தன மார்க்கு போடுவீங்க?"

தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மாமா விலைப் பட்டியலை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார்.

"கரண்டு வந்துடுச்சு, போயி கம்ப்யூட்டர ஆன் பண்ணு."