புரண்டு பாருங்க

"செருப்பைக் கழட்டிட்டுப் படுங்க சார். அம்மா, நீங்க அந்தப் பக்கம். கூச்சமே வேண்டாம், இங்க எல்லாரும் படுக்கத்தான் வராங்க" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் உறையின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிடுகிறார் அவர். புதிதாய் மணமான ஜோடி. கடைத்தெருவே பார்க்கும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், மெத்தையின் இரண்டு ஓரங்களிலும் விறைத்துப் படுத்திருக்கிறார்கள். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். "இப்ப சார் மட்டும் புரண்டு பாருங்க." சார் புரள்கிறார். "அம்மா, ஏதாவது தெரிஞ்சுதா?" அந்தப் பெண் இல்லையென்று தலையசைக்கிறாள். "அதான் இந்த மெத்தை. இவர் விடிய விடிய உருண்டாலும் நீங்க பாட்டுக்குத் தூங்கலாம்."

கடையில் அவருக்குப் பெயரே 'புரண்டுபாருங்க'தான். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஐம்பதைத் தாண்டிய, நெடுநெடுவென்ற ஆள். சட்டை ஒரு காலத்தில் அளவாக இருந்திருக்க வேண்டும். இப்போது அதற்குள் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறது. பேருந்தில் உட்காரும் முன் இருக்கையை முழங்கையால் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். என் வீட்டுக்கு வந்தபோது நாற்காலியையும் அமுக்கினார். "இதுல உக்காந்தா முதுகு வலிக்காம என்ன பண்ணும்?" என்றவர், கடைசிவரை நின்றுகொண்டே தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

என் முதுகுதான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. விற்பனையாளர்கள் என்றாலே எனக்கு ஆகாது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று நழுவுவதில் நான் கெட்டிக்காரன். இவரிடம் நழுவி நழுவியே நண்பனாகிவிட்டேன். மெத்தை மட்டும் இன்னும் வாங்கவில்லை. "மெத்தை வாங்கப் போறீங்களா, அரட்டை அடிக்கப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கடையின் பின்மூலையில் ஒரு பழைய ஸ்பிரிங் மெத்தை கிடக்கிறது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'கப்பல்'. அதை யாரும் வாங்கியதில்லை, அவரும் விற்க முயன்றதில்லை. நல்ல மெத்தையில் புரண்டு முடித்தவர்களை அங்கே அழைத்துப் போய்ப் படுக்கவைப்பார். ஒருவர் லேசாகத் திரும்பினால் போதும், மற்றவர் ஒரு சாண் தூக்கிப் போடப்படுவார். ஜோடி ஜோடியாக வந்தவர்கள் அதில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எழுந்துபோய் விலை கூடியதை வாங்குவார்கள். "கெட்டது எதுன்னு காட்டினாத்தான் சார் நல்லது விக்கும்" என்பார். அவர்கள் சிரிப்பதை மட்டும், வியாபாரத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்று பார்ப்பார்.

பேச்சின் நடுவில் சட்டைப்பைக்குள் கைபேசி முனகும். சின்ன டப்பாவைத் திறந்து மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கேரண்டியைப் பற்றித் தொடர்வார். வாடிக்கையாளர்களுக்குச் சந்தேகமே வராது. அவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். வந்து எட்டு வருடம் ஆகிறது. முழுதாகப் போகவும் போகாது, மருந்து இருக்கும்வரை மேலே ஏறவும் செய்யாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "குடித்தனம் வந்தவன் மாதிரி சார். காலி பண்ணவும் மாட்டேங்கிறான், நம்ம பேச்சையும் கேக்க மாட்டேங்கிறான். சரி, ஒரு ரூம்ல கெடன்னு விட்டுட்டு நான் என் வேலையைப் பாக்குறேன்" என்றார் ஒருநாள். நான் சிரிப்பதா வேண்டாமா என்று முழித்தேன். அவரே சிரித்துக் காட்டி என்னைக் காப்பாற்றினார்.

அந்தக் குடித்தனக்காரனோடு அவர் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, முடிவு வரும்வரை நாளை எண்ணுவது, "அப்படியே இருக்கு" என்று கேட்டதும் அடுத்த மூன்று மாதத்துக்கு மூச்சு விடுவது. எல்லாம் பழகிவிட்டது. பழகாமல் போனது ஒன்றுதான். அதை அவர் சொன்னபோது கையில் ஒரு தலையணை இருந்தது. அதைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

நோய் வந்த புதிதில் எலும்பெல்லாம் வலி. கட்டில் அசைந்தாலே உயிர் போகும். ஒருநாள் தூக்கத்தில் மனைவி புரண்டு படுத்ததும் தன்னை அறியாமல் அலறிவிட்டார். அவர் மனைவி தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்த் தரையில் விரித்துப் படுத்தார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று இருவரும் நினைத்தார்கள். மருந்து வேலை செய்தது, வலி அடங்கியது, அவர் வேலைக்கும் திரும்பினார். விரிப்பு மட்டும் கூடத்திலேயே தங்கிவிட்டது.

மனைவியைத் திரும்ப வரவழைக்க இந்த மனிதர் செய்த காரியம்தான் விசேஷம். வாய் திறந்து கேட்கவில்லை. முதலாளியிடம் தவணை சொல்லி, கடையிலேயே உயர்ந்த மெத்தையை வாங்கிப் போய்க் கட்டிலில் போட்டார். "இதுல ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்குத் தெரியவே தெரியாது" என்று, தொழில் பழக்கத்தில், மனைவியிடமும் அதையே சொன்னார். அந்த அம்மா மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு. இனிமே ஒரு தொந்தரவும் இல்லாம நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லி, விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். ஆயிரம் பேருக்கு மெத்தை விற்றவர் அன்றைக்குத் தனியே அதில் படுத்தார்.

"வான்னு ஒரு வார்த்தை கூப்பிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

"கூப்பிடலாம் சார். கூப்பிட்டா வந்துருவா. எட்டு வருஷமா நான் கேட்டு அவ எதைச் செய்யாம இருந்தா? ராத்திரி எனக்கு வேர்த்துக் கொட்டும், நாலு தடவை எந்திரிப்பேன். பாவம், அங்கயாவது நிம்மதியாத் தூங்குறா. நோயாளி கேட்டான்னு வந்து படுக்குறதும், அவளுக்கே தோணி வர்றதும் ஒண்ணா?" தலையணையைத் தட்டுவதை நிறுத்தினார். "கட்டில்ல இருந்தப்ப அவ புரண்டா தெரியும். முழிச்சிருக்காளா, என்ன யோசிக்கிறான்னு எல்லாம் தெரியும். கூடத்துல தரை. தரை எதைச் சொல்லும்?"

அவர் மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. மத்தியானத்தில் பிள்ளைகளைத் தட்டித் தூங்கவைப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. "ஊர்ப்பிள்ளைங்க எல்லாம் அவ பக்கத்துல தூங்குது. எனக்குத்தான் குடுத்து வைக்கல" என்பார் நம் ஆள். வேடிக்கையாகத்தான் சொல்வார். இன்னமும் கட்டிலில் தன் பாதியில்தான் படுக்கிறாராம். மறுபாதியில் துணி மடித்து வைப்பதில்லை, செய்தித்தாள் போடுவதில்லை. ஆள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன இடம் போல அதை அப்படியே வைத்திருக்கிறார்.

போன வாரம் நான் கடையில் தலையணைகளை அமுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா உள்ளே வந்தார். அன்று பரிசோதனை முடிவு கேட்கப் போகும் நாள். பள்ளி விட்டதும் கணவரை அழைத்துப் போக நேரே வந்திருந்தார். நம் ஆள் ஒரு பெரியவருக்குப் பஞ்சுக்கும் ஃபோமுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிஷம்மா" என்று கையைக் காட்டினார். அவருடைய ஐந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதா? பின்மூலைக்குப் போய்க் கப்பலில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். மெல்லச் சாய்ந்தார். மத்தியானமெல்லாம் பிள்ளைகளைத் தூங்கவைத்தவர், கண்ணை மூடியதும் தூங்கிவிட்டார்.

பெரியவர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று நழுவினார். முதலாளி வெளியே போயிருந்தார். புரண்டுபாருங்க மூலைக்குப் போய், தூங்கும் மனைவியைப் பார்த்தபடி நின்றார். எழுப்புவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். இரண்டையும் மனைவியின் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துவிட்டு, மெத்தையின் மறுபக்கம் போய்ப் படுத்தார். நான் ஒரு தலையணையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு விலையைப் படிப்பதுபோல் நின்றேன்.

கப்பல் கிரீச்சிட்டு ஆடியது. அந்த அம்மா திடுக்கிட்டு விழித்தார். பக்கத்தில் யாரென்று தெரிந்ததும் எழப் போனவர், எழுந்தால் இன்னும் ஆடுமே என்று பயந்து அப்படியே உறைந்துபோனார். "ஐயோ, இது ஆடுதே. உங்களுக்கு வலிக்குமே" என்றார், மூச்சுக்கூட விடாமல்.

"வலி போய் எத்தனையோ வருஷமாச்சும்மா."

அந்த அம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு போனது.

"புரண்டு பாரு" என்றார் அவர். தினமும் இருபது பேரிடம் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அந்தக் குரலில் அதை நான் கேட்டதில்லை.

அந்த அம்மா கணவர் சொன்னதற்காக, தயங்கித் தயங்கி, சுவர்ப் பக்கமாக ஒரு முறை புரண்டார். ஸ்பிரிங்குகள் முனகின. கணவரின் உடம்பு லேசாக மேலே எழும்பி இறங்கியது. அவர் கண்களை மூடிக்கொண்டு, "தெரியுது" என்றார்.

ஆட்டம் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே, அந்த அம்மா இன்னொரு முறை புரண்டார், அவர் பக்கமாக.