ஊர் என்று கூப்பிட்டால் யாரும் வரவில்லை

சகாயராணிக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையை அரை டிகிரியாவது உயர்த்தி அடிப்பது பிழைப்பு. ரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தருவது, வீட்டில் திட்டு வாங்கித் தரும் வேலை. அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு தேடும் பக்கம் செய்து வைத்திருந்தாள். சர்ச் இளைஞர் குழுவில் ஆரம்பித்தது என்பதால், ஆள் எங்கே இருக்கிறார் என்று எழுதும் கட்டத்துக்குப் பெயர் ‘பங்கு’. பங்கு என்றால் ஒரு சர்ச்சின் கீழ் வரும் வட்டாரம்; அது தெரிந்தால் ஊரும் தெரிந்துவிடும்.

போன வாரம் பெயர் கொடுக்க வந்த அப்துல் வாஹித் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏம்மா, ரத்தம் குடுக்கணும்னா ஞானஸ்நானம் எடுத்துட்டு வரணுமா?”

சகாயராணிக்கு முகம் சுண்டிப்போனது. அங்கேயே, பெயர் சேர்க்கும் இடத்தில் ‘பங்கு’வை ‘ஊர்’ என்று மாற்றி அவரைச் சேர்த்தாள். தேடும் இடத்திலும் அப்படியே. ஊருக்கே நல்லது செய்துவிட்ட திருப்தியில் ஒரு ஜிகர்தண்டா வேறு குடித்தாள்.

இன்று மத்தியானம் பக்கத்துப் பூட்டுக்கடைக் கருப்பணன், பெண்டாட்டியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

“யக்கா, ஆனந்திக்குப் பிள்ள பெறந்துருச்சு. ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்குதுக்கா. ஓ நெகட்டிவ் கேக்குறாக. அங்க இருந்தது தீந்துபோச்சாம்.”

ஓ நெகட்டிவ், திண்டுக்கல் என்று தட்டினாள். யாருமில்லை. நத்தம். யாருமில்லை. ஆயக்குடி. அங்கும் யாருமில்லை.

“அம்புட்டுப் பேரு இருக்காகன்னு பீத்துவியே! எல்லாரும் எங்கக்கா போனாக?”

பதற்றத்தில் ஓ பாசிட்டிவ் போட்டுப் பார்த்தாள். வாஹித் மட்டும் வந்தார். அதே குரூப்பில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்த அவளுடைய சொந்த அண்ணன் அந்தோணிராஜைக் காணோம். அப்போதுதான் உறைத்தது. புதிதாக வந்தவர்கள்தான் ‘ஊர்’ கட்டத்தில் இருக்கிறார்கள். பழைய ஆட்கள் மொத்தமும் ‘பங்கு’வுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் ஊர் ஊர் என்று கத்தினால் எவன் திரும்பிப் பார்ப்பான்?

‘பங்கு’வுக்கு ‘ஊர்’ என்று மாற்றுப்பெயர் கொடுத்துப் பார்த்தாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டம் இருக்கிறது, முடியாது என்றது கம்ப்யூட்டர். புதியதை அழித்தால் வாஹித் போய்விடுவார். எல்லாரையும் முதலிலிருந்து ஏற்ற நேரமில்லை.

கருப்பணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “டாக்டர்கிட்ட போயி நா என்னத்தக்கா சொல்ல?”

“ஏலே, செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இரு!” என்று அதட்டினாள். அழுகையில் மூக்கு ஒழுகியதால் அதட்டல் எடுபடவில்லை.

பெயர்களோடு மல்லுக்கட்டுவதை விட்டாள். எந்த ஊரைக் கேட்டாலும் இரண்டு கட்டத்திலும் பார் என்று தேடலையே மாற்றி எழுதினாள். இரண்டு தரம் விரல் தப்பியது. மூன்றாம் தரம் திரையில் ஓ நெகட்டிவ் ஸ்தனிஸ்லாஸ் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள்.

“பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன்மா.”

“சார், பசங்களே சந்தோஷப்படுவாங்க. விட்டுட்டு வாங்க சார். ஒரு தாய் சாகக் கெடக்குறா.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “எந்த ஆஸ்பத்திரி? இந்தா வாரேன்.”

கருப்பணன் ஓடினான். ஒரு ஆள் போதாது என்று, தேடலில் அடுத்து வந்த நத்தத்து நான்சியையும் பிடித்து பஸ் ஏறச் சொன்னாள். பிறகு செய்வதற்கு எதுவுமில்லை. அதுதான் இருந்ததிலேயே கொடுமை.

வெயில் தாழ்ந்தபோது போன் வந்தது.

“நின்னுருச்சுக்கா. கண்ணு முழிச்சுப் பிள்ளையக் கேட்டா.”

சகாயராணி கீபோர்டின்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். செராக்ஸ் எடுக்க வந்த பெண் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, கரண்டு இல்லையா?”