கதவுக்கு உள்ளே நின்ற ரெஜினா சிஸ்டர்

ரெஜினா சிஸ்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி, நான் காலை டூட்டிக்கு வந்து நின்றதுமே கிடைத்தது. அழக்கூட விடவில்லை, லைன் ஆட்கள் சொன்னதாக அடுத்த செய்தி பின்னாலேயே வந்தது. காசநோயில் போனவராம், அதனால் உடலைச் சேரம்பாடி தேயிலைத் தோட்டத்து லைனுக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் அவர் வீட்டுக்கு, கொண்டுவரக் கூடாதாம், நேரே கல்லறைக்குப் போய்விட வேண்டுமாம். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தும் அப்படிச் சொன்னவர்களுக்காகவும்தான்.

எங்கள் தோட்ட மருத்துவமனையில் நானும் அவரும் நர்சுகளாக ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். தொற்றுநோயாளிகளுக்கான தனி அறை அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் ரொட்டியும் பிஸ்கட்டுமாக லைனே திரண்டு நோயாளியைப் பார்க்க வருவது எங்கள் ஊர் வழக்கம். அந்த அறை வாசலில் மட்டும் சிஸ்டர் மறித்து நிற்பார். ஒருமுறை தோட்டத்துப் பெரிய அதிகாரியே மாஸ்க் இல்லாமல் நுழையப் பார்த்தார்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"நல்லாத் தெரியுமுங்க. கிருமிக்குத்தான் தெரியாது. மாஸ்க்கைப் போட்டுட்டு வாங்க."

அதிகாரியின் முகம் சிவந்தது, மாஸ்க்கும் ஏறியது.

பிறகு, கொழுந்து பறிக்கும் மல்லிகா காசநோயோடு வந்து சேர்ந்தார். சாப்பாடு கொண்டுவந்த ஆள் தட்டை வாசலில் வைத்துக் காலால் உள்ளே தள்ளினார். சிஸ்டர் பொங்கிவிட்டார். "நோயைத்தானுங்க ஒதுக்கச் சொன்னேன், ஆளையா ஒதுக்கச் சொன்னேன்?" அன்றிலிருந்து தட்டை அவரே வாங்கிப் போவார். என்95 மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு, சன்னல்களைத் திறந்துவைத்து, மல்லிகா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பார். மல்லிகா குணமாகி மறுபடியும் கூடை தூக்கினார்.

அப்புறம் ஒருநாள் அந்த மாஸ்க் தீர்ந்துபோனது. துணி மாஸ்க் போதும் என்றது நிர்வாகம். "நாங்க என்ன அலங்காரத்துக்கா கேக்கறோம்?" என்று சிஸ்டர் சண்டை போட்டார். உள்ளே ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்ததால், சண்டை போட்டபடியே துணி மாஸ்க்கோடு உள்ளேயும் போனார். பிறகு அவருக்கும் காசநோய் வந்தது. அது எங்கே தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. "அவ்வளவு கவனமா இருந்தும் என்னாச்சு?" என்று இன்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அவர் கேட்டதைக் கொடுத்திருக்க வேண்டும்.

அடக்கத்தன்று நர்சுகள் நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கையுறையும் மாஸ்க்கும் அணிந்து அவரைக் குளிப்பாட்டினோம், வெள்ளைச் சேலை உடுத்தினோம், வீட்டுக்கே கொண்டுபோனோம். லைன் ஆட்கள் வாசலுக்கு எட்டவே நின்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் தொண்டை வறளச் சொல்லியும் யாரும் அசையவில்லை. மல்லிகாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"நான் இருமிக் கெடந்தப்ப இந்தம்மா எட்டி நிக்கலீங்க. இப்ப மூச்சே நின்னு போச்சு, நான் எதுக்கு எட்டி நிக்கோணும்?"

சிஸ்டரின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தார். பிறகு ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள்.

போய் வாருங்கள், சிஸ்டர். உங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் உங்களை அனுப்பிவைத்தோம்.