நான் வாசிக்காத பத்துப் பக்கங்கள்

அப்பாவும் அத்தையும் ஆறு வருஷம் பேசாமல் இருந்ததற்கு நான்தான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சம்பவம் நடந்தபோது நான் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் இருந்தேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. விளாத்திகுளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். தாத்தாவின் கரிசல் காட்டில் தனக்குள்ள பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடத்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் பக்கம் கூடப்பிறந்த பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். பதிலுக்கு ஒரு பட்டுச்சேலை கிடைக்கும். என் மாமன்மார் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த மயில்கழுத்துப் பட்டு எங்கள் பீரோவில் இருந்தது. அம்மா அதைக் கட்டி நான் பார்த்ததே இல்லை.

அத்தை பையில் ஒரு தடித்த நாவல் வைத்திருந்தார். அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. அவரும் அம்மாவும் முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுவார்கள்.

"ஏட்டி, எங் கையெல்லாம் காரம். நீ வாசி, நாங்க கேக்கோம்" என்றார் அத்தை.

மூன்று நாள் வாசித்தேன். பேரீச்சந்தோப்புக்காரர் ஒருவர் செத்துப்போகிறார். மகளிடம் அவள் பங்கை எழுதிக் கொடுக்கச் சொல்லி அண்ணன்மார் நெருக்குகிறார்கள். இதற்குப் போய் முந்நூறு பக்கமா என்று எனக்கு எரிச்சல். கடைசியில் பத்துப் பக்கம் இருக்கும்போது தெருப்பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டார்கள். புத்தகத்தைப் பார்த்தபடியே சரடு விட்டேன். "அவள் கையெழுத்துப் போடவில்லை. தோப்பிலேயே வீடு கட்டிக்கொண்டு இருந்தாள். முற்றும்."

"நெசமாவே அப்படியா போட்டிருக்கு?"

"ஆமா அத்தை" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் கோவில்பட்டி பத்திர ஆபீசில், கையில் வாங்கிய பேனாவை அத்தை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"தம்பி, நான் போடல."

"என்னக்கா இது? நேத்துவரைக்கும் சரின்னுதான இருந்த?"

"அந்தப் பிள்ளையும் போடலயாம்லா."

"எந்தப் பிள்ளை?"

அத்தை பஸ் ஏறிப் போய்விட்டார். அந்தப் பிள்ளை யாரோ என்று அப்பா சொந்தக்காரப் பெண்களை ஒவ்வொருத்தியாகச் சந்தேகப்பட ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னால் அத்தை திரும்பி வந்து போடுவாரா, எனக்கு அடி மட்டும்தான் விழுமா, ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் அம்மா என்னைப் பிய்த்து எடுத்துவிடுவாள் என்று பயந்துகொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். அவளோ கேட்காமலே என் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள். எதற்கு என்று கேட்கவும் பயமாக இருந்தது.

காலேஜ் படிக்கும்போதுதான் அந்தப் பத்துப் பக்கத்தைப் படித்தேன். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். விளாத்திகுளம் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அத்தை சிரித்தார். "தெரியும்ட்டி. நான் ரெண்டு தடவ படிச்ச புத்தகம்லா அது."

"அப்ப ஏன் போடல?"

"போடத்தான் வந்தேன். நீ முடிச்சதும் உங்கம்மா மொகத்தப் பாத்தேன். அதுக்கப்புறம் கை வரல."

அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான்தான் அதற்குள் தெருவுக்கு ஓடிவிட்டேனே.